மதுரையில் 15 கிலோ, சென்னையில் 30 கிலோ: மலிவு விமானத்தின் லக்கேஜ் கணக்கு

கேட்டவர் பெரியபட்டினத்துக்காரர். அவருடைய வாப்பாவும் உம்மாவும் மதுரையிலிருந்து சென்னைக்கும், அங்கிருந்து துபாய்க்கும் பறந்திருக்கிறார்கள். டிக்கெட்டில் ஆளுக்கு 30 கிலோ என்று இருந்தும், மதுரை கவுண்டரில் 15 கிலோவுக்கு மேல் போனதற்கெல்லாம் பணம் கட்டச் சொன்னார்களாம். பிறகு கேட்டில் உம்மாவின் கைப்பையை நிறுத்துப் பார்த்து அதற்கும் தனியாக வாங்கியிருக்கிறார்கள். "இது ஏமாற்று வேலைதானே? அடுத்த மாதம் நானும் போகிறேன். கருவாடு, தொதல், கருப்பட்டி எல்லாம் கொண்டுபோக வேண்டும், என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார். ஏமாற்றா இல்லையா என்பதைவிட இதில் இரண்டு விஷயம்தான் முக்கியம். ஒரே பயணத்துக்கு இரண்டு எடைக் கணக்கு எப்படி வந்தது? கவுண்டரில் நின்று பணம் கட்டாமல் பொருளைக் கொண்டுபோக வழி உண்டா? விமான நிலையத் தரைப்பணியில் கவுண்டர், கேட், லக்கேஜ் மூன்று பக்கமும் பழகியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

முதல் விஷயத்துக்குப் பதில் பெரும்பாலும் டிக்கெட்டிலேயே இருக்கும். மதுரை–சென்னைக்கு ஒரு பிஎன்ஆர் (டிக்கெட்டின் முன்பதிவு எண்), சென்னை–துபாய்க்கு வேறொரு பிஎன்ஆர் என்றால் அவை இரண்டு தனித்தனிப் பயணங்கள். மதுரை கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் வாப்பா சென்னை வரை போகும் உள்நாட்டுப் பயணி, அவ்வளவுதான். மலிவு நிறுவனங்களின் சாதாரண உள்நாட்டுக் கட்டணத்தில் செக்-இன் 15 கிலோ, கைப்பை 7 கிலோ. 30 கிலோ என்பது சென்னையில் ஏறும் விமானத்துக்கு மட்டும். இரண்டு பயணமும் ஒரே பிஎன்ஆரில் இருந்தால் கதை வேறு. அப்போது வெளிநாட்டுப் பயணத்தின் எடையே மதுரையிலிருந்து செல்லும், பெட்டிக்கும் துபாய் வரை ஒரே டேக் போடுவார்கள். எனவே ஒரு கேள்வியை வாப்பாவிடம் கேளுங்கள்: சென்னையில் பெட்டியை பெல்ட்டிலிருந்து எடுத்து, மறுபடி வேறு கவுண்டரில் போட்டார்களா? போட்டிருந்தால் அநேகமாக இரண்டு டிக்கெட். மதுரையில் வாங்கிய பணம் விதிப்படி வாங்கியதுதான், திரும்பக் கிடைக்காது. ஒரே பிஎன்ஆராக இருந்தும் வாங்கியிருந்தால் அது தவறு. ரசீதும் டிக்கெட்டும் வைத்து நிறுவனத்துக்கு எழுதலாம். பதில் வராவிட்டால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியலாம்.

இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. தனித்தனி டிக்கெட்டாக இருந்தாலும், அடுத்து ஏறப்போகும் வெளிநாட்டு விமானத்தின் டிக்கெட்டைக் காட்டினால் கூடுதல் எடையை விட்டுக்கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இது வேறுபடும், நிபந்தனையும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் அந்த டிக்கெட்டின் அச்சுப்பிரதி கையில் இருக்கட்டும், கவுண்டரில் பெட்டியை வைக்கும் முன்பே காட்டிக் கேளுங்கள். கிடைத்தால் சலுகை; உரிமை என்று வாதாட முடியாது.

இராமநாதபுரம் கரையிலிருந்து போகிறவர்களுக்கு என் முதல் யோசனை, இந்த உள்நாட்டு விமானத்தையே தவிர்த்துவிட முடியுமா என்று பாருங்கள் என்பதுதான். உச்சிப்புளியில் இருப்பது கடற்படையின் பருந்து தளம், நமக்கு உதவாது. மதுரை அல்லது திருச்சியிலிருந்து நேராக வெளிநாடு போகும் விமானம் கிடைத்தால், சில ஆயிரம் கூடுதலானாலும் கணக்குப் போட்டால் அதுவே மிச்சம். சென்னையிலிருந்துதான் ஏற வேண்டும் என்றால் ரயில் இருக்கிறது. இராமேஸ்வரத்திலிருந்து கிளம்பும் இரவு ரயில்கள் இராமநாதபுரத்தில் நிற்கின்றன. ஸ்லீப்பர் வகுப்பில் ஒருவருக்கு 40 கிலோ வரை கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம். காலையில் எழும்பூரில் இறங்கினால் மின்சார ரயிலோ மெட்ரோவோ பிடித்து விமான நிலையத்துக்கே போய்விடலாம். பகல் அல்லது இரவு விமானத்துக்கு இது தோதுப்படும். காலை விமானம் என்றால் வேண்டாம், ரயில் தாமதமானால் எல்லாம் போச்சு.

மலிவு விமானத்தில் ஏன் இந்தக் கெடுபிடி என்றால், அவர்கள் விற்பது இருக்கை மட்டும்தான். லக்கேஜ், சாப்பாடு, இருக்கைத் தேர்வு ஒவ்வொன்றும் தனி வரும்படி. ஒரு காலத்தில் இங்கே 15 முதல் 20 கிலோ வரையிலான கூடுதல் எடைக்குக் கிலோவுக்கு 100 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ உச்சவரம்பு வைத்திருந்தது. அதை 2017இல் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2021 பிப்ரவரியில், செக்-இன் லக்கேஜே இல்லாத பயணிக்குக் குறைந்த கட்டணத்தில் டிக்கெட் விற்கவும் அனுமதி வந்தது. அதிலிருந்துதான் 'லைட்' போன்ற பெயர்களில் வரும் டிக்கெட்டுகள். பார்த்தால் மற்றதைவிடச் சில நூறு ரூபாய் குறைவாக இருக்கும், ஆனால் பெட்டிக்கு ஒரு கிலோகூட இருக்காது. தளத்தில் தேடும்போது முதலில் கண்ணில் படுவதும் அதுதான். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகும் ஸ்கூட், கோலாலம்பூர் போகும் ஏர்ஏசியா இரண்டிலும் அடிமட்டக் கட்டணத்தில் செக்-இன் எடை கிடையாது, தனியாக வாங்க வேண்டும். ஸ்கூட்டில் கைப்பைக்கு 10 கிலோ, ஏர்ஏசியாவில் 7 கிலோ. இரண்டிலும் தோளில் மாட்டும் சின்னப் பையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

டிக்கெட் போட்டுத் தரும் ஏஜென்சிக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் 'முப்பது ப்ளஸ் ஏழு' என்ற செய்தியை நம்பி உட்காராதீர்கள். பிஎன்ஆரை விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பறப்புக்கும், ஒவ்வொரு பயணிக்கும் எத்தனை கிலோ என்று அங்கே வருவதுதான் கவுண்டர் திரையிலும் வரும். குறைவாகத் தெரிந்தால் அன்றே கூடுதல் எடையை வாங்கிவிடுங்கள். முன்பதிவில் 3, 5, 10, 15 என்று படிகளாக விற்பார்கள். கவுண்டரில் கிலோ கணக்கில் வாங்குவார்கள். ஒரே எடைக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கையைக் கடிக்கும். 4 கிலோ கூடும் என்று தோன்றினால் 5 கிலோ படியை வாங்குவது பெரும்பாலும் லாபம். முன்பதிவுக்குப் புறப்படும் நேரத்துக்குச் சில மணி முன்பு கதவை மூடிவிடுவார்கள் என்பதால், மதுரைக்குக் காரில் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பரமக்குடி தாண்டும்போது அந்த வாய்ப்பு போயிருக்கும். குடும்பமாகப் போகிறவர்கள் எல்லாரும் ஒரே பிஎன்ஆரில் இருங்கள். ஒரே பிஎன்ஆருக்குள் செக்-இன் எடையைக் கூட்டிப் பார்க்கும் வழக்கம் பல நிறுவனங்களில் இருக்கிறது. ஆனால் எந்தக் கணக்கிலும் ஒற்றைப் பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாது. அது தூக்கும் தொழிலாளியின் முதுகுக்காக வைத்த வரம்பு, பணம் கொடுத்தாலும் நகராது.

கைப்பை விஷயத்துக்கு வருகிறேன். உம்மாவின் பையைக் கவுண்டரில் பார்க்காமல் கேட்டில் எடை போட்டது சரியா? சரிதான். எந்த இடத்திலும் நிறுத்துப் பார்க்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. எல்லாரிடமும் பார்ப்பதில்லை என்பதுதான் எரிச்சலைக் கிளப்புகிறது. விமானம் நிரம்பியிருக்கும் நாட்களில், தலைக்கு மேல் உள்ள அறைகள் போதாது என்று தெரிந்தால் கேட்டில் கெடுபிடி அதிகமாகும். பாதி காலியாக இருந்தால் கண்டும் காணாமல் விடுவார்கள். போன தடவை விட்டார்கள் என்பது இந்தத் தடவைக்குச் சாட்சி ஆகாது. பெருநாள், பள்ளி விடுமுறை, பொங்கல் சமயங்களில் கண்டிப்பாக நிறுப்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அளவும் பார்ப்பார்கள்: 55, 35, 25 சென்டிமீட்டர் என்பது இங்கே வழக்கமான அளவு, சக்கரமும் கைப்பிடியும் சேர்த்து. சின்ன டிராலி என்று விற்பதே காலியாக இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். 7 கிலோவில் அதைக் கழித்தால் மிச்சம் என்ன? அரைக் கிலோ துணிப்பையோ முதுகுப்பையோ எடுங்கள். உடம்பில் போட்டிருப்பதை யாரும் நிறுப்பதில்லை. கனமான சட்டை, ஜாக்கெட் இருந்தால் போட்டுக்கொண்டு ஏறிவிடலாம், மதுரை வெயிலில் கொஞ்சம் வேர்க்கும்.

சென்னை–மதுரை போன்ற குறுந்தூரத்தில் ஏடிஆர் என்ற சிறு விமானம் வந்தால் இன்னொன்றும் நடக்கும். அதில் மேலறை சிறியது. டிராலியைப் படிக்கட்டருகே வாங்கி அடியில் போட்டுவிடுவார்கள், அதற்குக் காசு இல்லை. ஆனால் கொடுக்கும் முன் பவர் பேங்க், மருந்து, நகை, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட வேண்டும். பவர் பேங்க் அடிப்பகுதிக்குப் போகவே கூடாது; லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அங்கே அணைக்க ஆள் இல்லை. 100 வாட் அவர் வரை கைப்பையில் கொண்டுபோகலாம். 20,000 எம்ஏஹெச் என்று போட்டிருப்பது சுமார் 74 வாட் அவர்தான், பயமில்லை. எழுத்து அழிந்துபோன பழையதைத் தூக்கி எறிவார்கள்.

எடை போடுவதை வீட்டிலேயே முடியுங்கள். கொக்கியில் மாட்டித் தூக்கும் டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. முதலில் அதைச் சோதிக்க வேண்டும்: கடையில் வாங்கிய 10 கிலோ அரிசிப் பையை மாட்டிப் பாருங்கள், எத்தனை கிராம் தள்ளிக் காட்டுகிறது என்று தெரிந்துவிடும். தூக்கும்போது கை ஆடினால் எண் ஓடிக்கொண்டே இருக்கும். கதவு நிலையிலோ கட்டில் சட்டத்திலோ கயிறு கட்டித் தொங்கவிட்டால் நிலையாக நிற்கும். குளியலறைத் தராசுதான் இருக்கிறது என்றால் பெட்டியை மட்டும் அதன்மேல் வைக்காதீர்கள், திரை மறைந்து எண் தெரியாது. பெட்டியோடு நீங்கள் ஏறி, பிறகு தனியாக ஏறி, கழித்துக்கொள்ளுங்கள். எப்படிப் பார்த்தாலும் வரம்புக்கு அரைக் கிலோ கீழேயே நிறுத்துங்கள். பெரிய தோல், பாலிகார்பனேட் பெட்டிகள் நான்கைந்து கிலோ தின்றுவிடும். அட்டைப்பெட்டி ஒரு கிலோதான், அதனால்தான் நம் ஆட்கள் அதை விடுவதில்லை. அதில் தவறில்லை, ஆனால் கயிறு கட்டாதீர்கள். பெல்ட்டின் இடுக்கில் கயிறு சிக்கினால் பெட்டி கிழியும், ஜித்தா விமான நிலையத்தில் கயிறு கட்டியதை எடுப்பதே இல்லை. துபாயில் உருண்டையான மூட்டைக்கும் தடை, ஒரு பக்கமாவது தட்டையாக இருக்க வேண்டும். அகலமான பாக்கிங் டேப்பை நீளவாக்கிலும் குறுக்கிலும் இரண்டு சுற்று ஓட்டி, பெயரையும் போன் நம்பரையும் மார்க்கரில் பெட்டியின் இரண்டு பக்கமும் எழுதுங்கள்.

சாப்பாட்டுப் பொருளில்தான் இந்தக் கரைக்காரர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். கருவாடு தடை செய்யப்பட்ட பொருள் இல்லை. ஆனால் நாற்றமோ ஈரமோ வெளியே வந்தால் ஏற்ற மறுக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. நெத்திலி, சீலா, திருக்கை எதுவானாலும் அரைக்காய்ச்சலாக வாங்காமல், வாங்கியதையும் ஒரு நாள் முழு வெயிலில் போட்டு எடுங்கள். காயாத கருவாட்டை வேக்யூம் கவரில் அடைத்தால் உப்பு நீர் விட்டு உள்ளேயே ஊறும், அதன் பிறகு எந்தக் கவரும் தாங்காது. நன்றாகக் காய்ந்ததைக் காகிதத்தில் சுற்றி, வேக்யூம் கவரில் அடைத்து, மேலே இன்னொரு கவர், கடைசியாக இறுக்க மூடும் பிளாஸ்டிக் டப்பா. முள் குத்தி கவர் ஓட்டையாவதைக் காகிதம் தடுக்கும். மாசிக் கருவாடு கெட்டியானது, இத்தனை பாடு வேண்டாம். பச்சை மீன், நண்டு, இறால் வேண்டும் என்று தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுவருகிறார்கள். உருகி ஒழுகும் ஐஸை ஏற்ற மாட்டார்கள். ட்ரை ஐஸ் என்றால் ஆளுக்கு இரண்டரை கிலோ வரை, அதுவும் நிறுவனத்திடம் முன்கூட்டி அனுமதி வாங்கி. அந்தச் செலவுக்கு அங்கேயே மீன் வாங்கலாம்.

கீழக்கரைத் தொதலைச் செக்-இன்னில் போடுங்கள். அது அடர்த்தியான, எண்ணெய் மினுக்கும் இனிப்புக் கட்டி. எக்ஸ்ரேயில் ஒன்றும் புரியாத கருப்புத் திட்டாகத் தெரியும், கைப்பையில் இருந்தால் திறந்து காட்டச் சொல்வார்கள். தகர டின்னைவிடப் பிளாஸ்டிக் டப்பா எடையும் குறைவு, எக்ஸ்ரேக்கும் எளிது. கருப்பட்டி பிரச்சினையில்லாதது, ஆனால் கனம். பெட்டியின் ஒரு மூலையில் குவிக்காமல் பரவலாக அடுக்கினால் சக்கரம் உடையாது. முண்டு மிளகாய் வற்றலையும் மிளகாய்த்தூளையும் கைப்பையில் வைக்கவே வேண்டாம். தேங்காய் எண்ணெய், நெய், ஊறுகாய் எல்லாம் வெளிநாட்டுப் பயணத்தில் திரவக் கணக்கு: கைப்பையில் ஒரு புட்டி 100 மில்லி, மொத்தம் ஒரு லிட்டர் பைக்குள். மீதி செக்-இன்னில். மூடிக்கு அடியில் ஒரு துண்டு பாலிதீன் வைத்துத் திருகி, மேலே டேப் ஒட்டி, புட்டியை நிமிர்ந்த நிலையில் துணிகளுக்கு நடுவில் செருகுங்கள். இராமேஸ்வரத் தீர்த்தத்துக்கும் இதே விதிதான்.

கொப்பரையைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. காய்ந்த தேங்காய் எண்ணெய்ப்பசையால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்று அபாயப் பொருள் பட்டியலில் இருக்கிறது. கைப்பையிலும் முடியாது, பெட்டியிலும் முடியாது. ஸ்கேனில் கண்டால் பெட்டியைத் திறக்க உங்களைக் கூப்பிடுவார்கள், வரிசை, நேரம் இரண்டும் போகும். முழுத் தேங்காயைப் பெட்டியில் வைக்கலாம், கைப்பையில் விடமாட்டார்கள். சபரிமலை இருமுடிக்கு மட்டும் 2024–25 பருவத்தில் தற்காலிக விலக்கு கொடுத்தார்கள்.

விமான நிறுவனம் விட்டாலும் இறங்கும் நாடு விடாத பொருள்கள் தனி. அதில் ஆபத்தானது கசகசா. அமீரகம், சவுதி, சிங்கப்பூர் மூன்றிலும் தடை. போதைப்பொருள் வழக்காகவே போகும். பாக்கெட்டாக யாரும் கொண்டுபோவதில்லை, வீட்டில் அரைத்த குருமா மசாலாவில் கலந்து போய்விடுகிறது. அரைக்கும்போதே உம்மாவிடம் சொல்லி விட்டுவிடச் சொல்லுங்கள். மெல்லும் புகையிலை சிங்கப்பூரில் நடக்காது. கடற்கரையில் பொறுக்கிய பவளத்துண்டு, காய்ந்த கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. அழகுக்காகப் பெட்டியில் போட்டாலும் குற்றம்தான். பக்கத்து வீட்டார், "துபாய் போறியா, இதை எம் மவன்கிட்ட குடுத்துடு" என்று ஒட்டிய பார்சலைத் தந்தால் பிரித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கோபித்துக்கொள்வார்கள், கொள்ளட்டும். அடுத்தவர் சரக்கைக் கடத்திக் கொடுக்கும் 'குருவி' என்று பெயர் எடுத்த ஊர்வழி நம்முடையது, சுங்கத்துக்கும் அது தெரியும்.

கவுண்டரில் பெட்டியை வைக்கும் முன் திரை சுழியம் காட்டுகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். பெட்டி பக்கத்துச் சட்டத்தில் உரசி நின்றாலும் எடை மாறும். வீட்டுக் கணக்குக்கும் இதற்கும் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால், "பக்கத்து கவுண்டர்ல ஒரு தடவை வச்சுப் பாத்துரலாமா?" என்று கேளுங்கள். மறுக்க மாட்டார்கள். அந்தத் தராசுக்கும் எடையளவுச் சட்டப்படி முத்திரை இருக்க வேண்டும். ஒரு கிலோ, முக்கால் கிலோ கூடினால் விடுவதும் பிடிப்பதும் எதிரே உள்ளவர் கையில். அதட்டினால் விதி பேசும், தன்மையாகக் கேட்டால் சில சமயம் ஆள் பேசுவார். எடுத்து மாற்றிக்கொள்ள ஒரு மடக்குப் பை எப்போதும் வைத்திருங்கள். கவுண்டர் புறப்பாட்டுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும் என்பதால், வெளிநாட்டுக்குப் போகிறவர் மூன்று மணி நேரம் முன்னால் போய்விட்டால் பிரித்து அடுக்க அவகாசம் இருக்கும். பணம் கட்டினால் அச்சிட்ட ரசீது வாங்காமல் நகராதீர்கள். ரசீது இல்லாத தொகைக்கு எந்தப் புகாரும் எடுபடாது.

உம்ரா முடித்துத் திரும்புகிறவர்கள் ஜம்ஜம் நீரைப் பெட்டிக்குள் வைக்கக்கூடாது. விமான நிலையத்தில் விற்கும் 5 லிட்டர் கேனாகத் தனியே போட வேண்டும். அதை இலவசமாக ஏற்றுகிறார்களா என்பதை டிக்கெட் வாங்கும்போதே நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டி உடைந்தோ வராமலோ போனால், பெல்ட் இருக்கும் அந்தக் கூடத்தை விட்டு வெளியே வரும் முன்பே அங்குள்ள மேசையில் பிஐஆர் என்ற முறையீட்டுத் தாளைப் பதியுங்கள். வீட்டுக்கு வந்து போன் போட்டால் பாதி வழக்கு போய்விட்டது. வெளிநாட்டுப் பயணத்தில் சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்ததற்கு 21 நாளுக்குள்ளும் எழுத்தில் கேட்க வேண்டும். 21 நாள் தாண்டியும் வராவிட்டால் தொலைந்ததாகவே கணக்கு. மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி இதற்கான உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), நம் பணத்தில் ஒரு லட்சத்துக்கு மேல். அது உச்சவரம்புதான், கையில் வருவது நீங்கள் காட்டும் பில்லைப் பொறுத்தது. உள்நாட்டில் வரம்பு 20,000 ரூபாய். நகை, பணம், கெட்டுப்போகும் உணவு எதையும் அவர்கள் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஒப்படைக்கும் முன் பெட்டியை மூடியும் திறந்தும் இரண்டு படம் எடுத்து, டேக் ஒட்டிய சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நிறுவனம் இழுத்தடித்தால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்திலேயே முடியும், மதுரைக்கோ சென்னைக்கோ அலைய வேண்டியதில்லை.